வலி நீக்கும் ஊசியில் தொடங்குங்கள்: சக கால்நடை மருத்துவர்களை விலங்கு நலத்தின் பக்கம் சேர்க்க ஒரு வழிகாட்டி

பி.வி.எஸ்சி. முடித்து, மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து, முதல் மருந்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்றுக்குக் கொம்பு சுடும்போது அது கத்துகிற கத்தலைக் கேட்டு, இதை வேறு மாதிரி செய்யக் கூடாதா என்று நினைத்தவர் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான்.

நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், எங்கள் கோட்டத்தின் மாதக் கூட்டத்தில் படங்கள் போட்டு அரை மணி நேரம் பேசினேன். காயடித்த கன்றுகள், மூக்கணாங்கயிறு குத்திய காயங்கள், லாரியில் நெருக்கி ஏற்றிய மாடுகள். பேசி முடித்ததும் மூத்த மருத்துவர் ஒருவர் எழுந்தார். "ஏம்மா, நாங்க 30 வருஷமா ராத்திரி பகல்னு பாக்காம மாடு பாக்கறோம். எங்களுக்கு இரக்கம் இல்லைன்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டார். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோர் காதிலும் அப்படித்தான் விழுந்திருந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

பிறகு முதலிலிருந்து, வேறு வழியில் தொடங்கினேன். ஒன்றரை வருடம் ஆனது. இன்று எங்கள் கோட்டத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் மரத்துப்போகும் ஊசி போடாமல் காயடிப்பதில்லை. அந்த வழியைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். அரசு மருந்தகத்தில் வேலை செய்பவரை மனதில் வைத்து எழுதினாலும், தனியார் மருத்துவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. யார் யாருக்கு என்ன கவலை என்று முதலில் எழுதுங்கள்

இதற்கு இரண்டு மாலை நேரம் போதும், செலவு இல்லை. உங்கள் வட்டாரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லோரையும் ஒரு தாளில் எழுதுங்கள். அரசு மருந்தகத்தார், பால் கூட்டுறவு ஒன்றியத்தின் மருத்துவர்கள், கோழிப் பண்ணைகளுக்கும் தீவனக் கம்பெனிகளுக்கும் வேலை செய்பவர்கள், நாய் பூனை பார்க்கும் கிளினிக் வைத்திருப்பவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள்.

ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் அவருடைய கவலையை எழுதுங்கள், கருத்தை அல்ல. அரசு மருத்துவருக்கு நேரம் இல்லை. காலையில் மருந்தகத்துக்கு வரும் மாடுகள், அப்புறம் சினை ஊசி, தடுப்பூசி, முகாம், அறிக்கை என்று நாள் ஓடிவிடும். கிளினிக் வைத்திருப்பவருக்கு, அடிபட்ட தெருநாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்கள் பாக்கி வைத்த பில் கவலை. பண்ணை மருத்துவர் சம்பளம் வாங்குவது பண்ணைக்காரரிடம். ஓய்வு பெற்றவருக்குத் தான் செய்த வேலையை இளையவர்கள் கொடுமை என்று சொல்லிவிடுவார்களோ என்ற வருத்தம்.

விலங்குக்கு வலிக்கக் கூடாது என்பதை மறுக்கிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நேரம், காசு, பழி என்ற இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு போனால் மட்டுமே பேச்சு நகரும்.

2. ஒரே ஒரு வேலையை எடுங்கள்

கோழிக் கூண்டு, ஜல்லிக்கட்டு, கோயில் யானை, தெருநாய் என்று எதிலும் தொடங்காதீர்கள். இவை ஒவ்வொன்றிலும் மருத்துவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். முதல் வேலைக்கு நான்கு தகுதி இருக்க வேண்டும்: தினமும் செய்கிற வேலையாக, மருத்துவர் தானே முடிவெடுக்கக்கூடியதாக, செலவு குறைந்ததாக, பலன் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிவதாக.

கன்று, ஆடுகளுக்குக் காயடிக்கும்போதும் கொம்புக் குருத்தைச் சுடும்போதும் வலி நீக்குவது இந்த நான்கிலும் தேறுகிறது.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் மட்டுமே வதை ஆகாது என்கிறது. அந்த முறை என்ன என்பதற்கான விதிகள் 2023இல் வந்தன. பதிவுபெற்ற மருத்துவர், மயக்க மருந்து அல்லது மரத்துப்போகும் மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

ஆனால் பேச்சைச் சட்டத்தில் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். சட்டத்தை எடுத்ததும் எதிரில் இருப்பவர், தன்மேல் புகார் வரப்போகிறது என்றுதான் நினைப்பார். அரசிதழ் நகலைப் பையில் வைத்திருங்கள். அவராகக் கேட்டால் கொடுங்கள்.

3. ஆறு வாரம் யாரிடமும் சொல்லாமல் நீங்களே செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கை பழகாமல் பிறரிடம் போய்ப் பேசினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். 30 விலங்குகளாவது முடித்திருக்க வேண்டும்.

மருந்து இரண்டு. செய்யும் நேரத்து வலிக்கு, மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகேயின். அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும், பிறகு வலி திரும்பும். அதற்காக மெலாக்சிகாம் என்ற வலி மருந்து, மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், வேலையைத் தொடங்கும் முன்பே. கன்றில் இது ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஆட்டில் அந்தளவு நீடிக்காது.

கொம்புக் குருத்துக்கு: கண்ணின் வெளி ஓரத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவில், எலும்பு விளிம்பைத் தடவிப் பார்த்து அதன் கீழே, ஒவ்வொரு பக்கத்துக்கும் லிக்னோகேயின் 3 முதல் 5 மில்லி. காயடிக்க: இரு பக்கமும் விதை நாளத்தில் போட்டுவிட்டு அப்புறம் காயடிக்கும் கிடுக்கியை எடுங்கள். எதுவானாலும் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஊசி முனையால் குத்திப் பாருங்கள். விலங்கு தலையையோ காலையோ இழுத்தால் இன்னும் மரக்கவில்லை. மரப்பதற்குள் சுட்டால் இத்தனை பாடும் வீண்.

எல்லோரும் கேட்பது காசு, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் லிக்னோகேயின் 30 மில்லி பாட்டில் 40 ரூபாய்க்குள் வாங்கினேன். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மெலாக்சிகாம் 30 மில்லி, கம்பெனியைப் பொறுத்து 100 முதல் 150 ரூபாய். 80 கிலோ கன்றுக்கு லிக்னோகேயின் 10 மில்லியும் மெலாக்சிகாம் 8 மில்லியும் ஆகும். சிரிஞ்சும் சேர்த்தால் 50 முதல் 65 ரூபாய். 12 கிலோ ஆட்டுக் கிடாய்க்கு 15 ரூபாயைச் சுற்றி. உங்கள் ஊர் விலையை எடுத்து நீங்களே கணக்குப் போட்டு, அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் என் கையிலிருந்து 2,000 ரூபாய்க்குள்தான் போனது.

நேரக் கணக்கும் முக்கியம். அந்த 10 நிமிடம் வீண் என்று எல்லோரும் சொல்வார்கள். வரிசையில் ஐந்து கன்று நின்றால், ஐந்துக்கும் ஊசி போட்டு முடிப்பதற்குள் முதல் கன்று மரத்துவிடும். மரத்த கன்றைப் பிடிக்க நான்கு ஆள் வேண்டாம், இரண்டு பேர் போதும். உதை குறைவு, கயிறு அறுவது குறைவு. மொத்தத்தில் எனக்கு நேரம் கூடவில்லை.

இதில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள்:

ஆட்டுக்குட்டிக்கு லிக்னோகேயின் அளவு மீறினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். 5 கிலோ குட்டிக்கு 2 சதவீத மருந்தில் ஒன்றேகால் மில்லிதான் உச்சம். ஊசி நீரில் பாதிக்குப் பாதி கலந்துகொண்டால் இரண்டரை மில்லியாகப் பிரித்துப் போட வசதியாக இருக்கும். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கொக்கித் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்.

மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் வலி மருந்துப் பாட்டிலைக் கையில் எடுக்கவே வேண்டாம். கால்நடைக்கு அதைத் தடை செய்தது 2006இல். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடைக்குள் வந்தன. இந்த மருந்து போட்ட மாடு செத்தால் அதைத் தின்னும் பாறு கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். பாறு கழுகுகள் வாழும் முதுமலைக்கும் மாயாற்றுக்கும் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெலாக்சிகாம் கழுகுக்கும் கேடு செய்யாது. அதையே பழகிக்கொள்ள இது இன்னொரு காரணம்.

கறவை மாட்டுக்குப் போடும்போது பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை லேபிளில் பார்த்து மாட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் சண்டை வரும்.

4. ஒரு பக்கப் பதிவேடு

40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, ஊர், இனம், வயது, எடை, என்ன வேலை, என்ன மருந்து எத்தனை மில்லி, பிடிக்க எத்தனை பேர், ஆரம்பித்த நேரம், முடித்த நேரம். அடுத்து மிக முக்கியமான பத்தி: அன்று மாலையும் மறுநாளும் தீவனம் எடுத்ததா? இதற்கு மாட்டுக்காரருக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும். ஒரு போனுக்கு ஒரு நிமிடம். சக மருத்துவர்களிடம் நான் காட்டியதில் அதிகம் எடுபட்டது இந்தப் பத்திதான்.

உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் சீட்டு இன்னொரு காகிதம். அரைப் பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். போட்டோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

மருந்தக மருந்தைப் பயன்படுத்தினால் இருப்புப் பதிவேட்டில் அன்றன்றே கழித்துவிடுங்கள். உங்கள் சொந்தக் காசு மருந்தை அதோடு கலக்காதீர்கள், தணிக்கையில் பதில் சொல்ல முடியாது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அது கடும் கட்டுப்பாடு உள்ள எக்ஸ் அட்டவணை மருந்து. அதற்கென்று தனிக் கணக்கும் பூட்டும் வேண்டும். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

இந்தப் பதிவை ஆய்வுக் கட்டுரையாக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அப்படியானால் தொடங்கும் முன்பே கல்லூரியின் விலங்கு ஆய்வு நெறிக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். முடித்துவிட்டு அனுமதி கேட்டால் கிடைக்காது.

5. முதல் ஐந்து பேர்

கூட்டத்தில் பேசாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவர் இடத்துக்கே போய்ப் பேசுங்கள். இரண்டு மாதம் ஆகும். டீயும் பெட்ரோலும்தான் செலவு.

ஐவரில் ஒருவராவது உங்களைவிட 15 வருடமாவது மூத்தவராக இருக்க வேண்டும். நான் முதலில் போனது, அன்று கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்த டாக்டரிடமே. "சார், அன்னைக்கு நான் பேசினது தப்பு. 30 கன்னுக்கு இப்படிச் செஞ்சு பாத்திருக்கேன். கொம்புக்குப் போற இந்த நரம்பு எனக்குச் சில சமயம் சரியா அமைய மாட்டேங்குது. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன். அவர் நோட்டைப் புரட்டினார். அடுத்த வாரம் அவர் மருந்தகத்துக்கு வரச் சொன்னார். அவர் கை என் கையைவிட ஆயிரம் மடங்கு தேர்ந்த கை. மூன்றாவது கன்றில் என்னைவிட நன்றாக மரக்க வைத்தார். என் கன்றுகளில் பாதி ஏன் சரியாக மரக்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது: ஊசியை நான் எலும்பு விளிம்புக்கு மேலே போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாளில் எங்கள் கோட்டத்தில் இது பரவியதில் முக்கால் பங்கு அவரால்தான்.

மருந்தைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் ஐந்து விலங்குக்கு ஆகும் மருந்து உங்கள் செலவு. "அப்புறம் வாங்கிப் பாக்கறேன்" என்று சொல்லிப் பிறகு வாங்கியவரை நான் பார்த்ததில்லை.

'கொடுமை', 'வதை', 'இரக்கமற்ற' ஆகிய சொற்களை இந்த இரண்டு மாதமும் வாயில் எடுக்காதீர்கள். வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்லாதீர்கள். கன்று அன்று மாலையே பால் குடித்தது என்று சொல்லுங்கள், அது போதும்.

6. உதவி இயக்குநருக்கு ஒரு கடிதம்

ஐந்து பேர் சேர்ந்த பிறகுதான் இது. உரிய வழியாக, ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கேட்பது இரண்டே இரண்டு: அடுத்த இண்டெண்டில் (மருந்தகம் அனுப்பும் மருந்துத் தேவைப் பட்டியலில்) லிக்னோகேயினும் மெலாக்சிகாமும் கூடுதலாக, மாதக் கூட்டத்தில் செய்முறை விளக்கத்துக்கு 45 நிமிடம். இணைப்பாக உங்கள் பதிவேட்டின் சுருக்கம், ஒரு விலங்குக்கான செலவுக் கணக்கு, ஐந்து மருத்துவர்களின் கையெழுத்து. நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். என் முதல் கடிதம் ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. முத்திரை வாங்காததால் மூன்று மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது.

காலம் பார்த்துக் கொடுங்கள். கோமாரித் தடுப்பூசிச் சுற்று நடக்கும் வாரங்களில் யாருக்கும் காது கேட்காது. மார்ச்சில் கணக்கு முடிப்பு. பொங்கலிலிருந்து ஜல்லிக்கட்டுப் பணி. வடகிழக்குப் பருவமழையில் நோய்க் கிளர்ச்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தடுப்பூசிச் சுற்று இல்லாத வாரமாகப் பார்த்துக் கொடுங்கள். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ தினம். அதுவரை காத்திருக்க முடியுமென்றால், செய்முறை விளக்கத்தை அந்த நாளில் வைக்கலாம் என்று எழுதினால் அதிகாரிக்கும் ஒப்புக்கொள்வது எளிது.

7. 45 நிமிடக் கூட்டம்

பேசுவது நீங்கள் அல்ல, மூத்தவர். நீங்கள் கன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் காட்ட வேண்டாம். உயிருள்ள கன்று ஒன்று, அதன் உரிமையாளர், மருந்து. வந்தவர்களில் இருவரையாவது தங்கள் கையால் ஊசி போடவைத்து அனுப்புங்கள். அளவு அட்டவணையை அட்டையில் அச்சிட்டு லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுங்கள். 25 அட்டைக்கு 500 ரூபாய்க்குள் முடித்தேன். ஒரு வருடம் கழித்தும் பல மருந்தகச் சுவர்களில் அது தொங்குகிறது.

தேநீர்ச் செலவுக்கு மருந்துக் கம்பெனி முன்வரும். வாங்காதீர்கள். வாங்கினால் இது அந்தக் கம்பெனியின் மருந்து விற்கிற ஏற்பாடு என்ற பேச்சு மறுநாளே கிளம்பும். அதைத் துடைக்க ஒரு வருடம் ஆகும். அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் பிறரிடம் நிதி திரட்டுவதும் நடத்தை விதிகளில் சிக்கலாகும்.

8. ஆய்வாளர்களையும் உதவியாளர்களையும் விட்டுவிடாதீர்கள்

நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டது இது. கிளை நிலையத்தில் இருக்கும் கால்நடை ஆய்வாளரும், மருந்தகத்தில் விலங்கைப் பிடிக்கும் பராமரிப்பு உதவியாளரும் சேராவிட்டால் மருத்துவர்கள் சேர்ந்தும் பயனில்லை. ஊரில் மாட்டுக்காரர் முதலில் கேட்பது அவர்களைத்தான். விதிப்படி இந்த வேலை மருத்துவருடையது. ஆனால் 'டாக்டர் வர்ற நாள்ல கொண்டாங்க, வலிக்காம செய்வாங்க' என்று சொல்லி அனுப்புவது அவர்கள்தான். அவர்கள் சொல்லாவிட்டால் மாட்டுக்காரர் சந்தையில் கல்லும் கட்டையும் வைத்துக் காயடிப்பவரிடம் போய்விடுவார்.

விலங்கை அமைதியாகப் பிடிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உதவியாளர். வாலை முறுக்காமல், கண்ணை லேசாக மறைத்து, கழுத்தைத் தடவியபடியே பிடிப்பார். செய்முறைக் கூட்டத்தில் அவருக்கென்று பத்து நிமிடம் ஒதுக்கினோம். அதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் அவரைப் பேசச் சொன்னதில்லை என்றார்.

9. அடுத்த வட்டம்: கிளினிக்குகளும் கோழிப் பண்ணைகளும்

முதல் வேலை நிலைத்த பிறகு, குறைந்தது ஒரு வருடம் கழித்து.

கிளினிக் மருத்துவரிடம் இலவச சேவை கேட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே அவரிடம் அதைக் கேட்டு அலுக்க வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு அரை நாள், எழுதி ஒட்டிய சலுகைக் கட்டணம், கடன் இல்லை என்று ஒரு ஏற்பாட்டுக்குப் பேசுங்கள். தெருநாய்க் கருத்தடையில் சேர நினைத்தால் 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை முழுதாகப் படியுங்கள். விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரம் இல்லாத அமைப்போடு சேர்ந்து அறுவை செய்யாதீர்கள். பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது வரை விதியில் இருக்கிறது, பதிவேடும் கேட்பார்கள்.

நாமக்கல் பக்கம் பண்ணை மருத்துவர்களிடம் கூண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றோடு முடிந்தது. கூண்டு முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்பவர் அந்த மருத்துவர் இல்லை. அவர் கையில் இருப்பவை வேறு: அலகு வெட்டும் வயதும் பிளேடின் சூடும், சித்திரை வெயிலில் கொட்டகை வெப்பம், முட்டை ஓய்ந்த கோழியை லாரியில் ஏற்றும் விதம். பத்து நாளுக்குள் அலகு வெட்டினால் இழப்பு குறைவு என்பது அவருக்கே தெரியும். அங்கிருந்து பேசுங்கள்.

இறைச்சிக்கூடத்தில் பணிபுரியும் மருத்துவர் இருந்தால், 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதியில் ஒரு வரி அவருக்குத் துணையாக நிற்கும். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேல், நாளைக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. அவருடைய வேலைச் சுமைக்கும் விலங்கின் நலத்துக்கும் அங்கே ஒரே கோரிக்கைதான்.

10. ஆர்வலர்களோடு எப்படி?

விலங்கு நல ஆர்வலர்கள் இல்லாமல் பல வழக்குகள் வெளியே வராது. அவர்களை மதிக்கிறேன். ஆனால் சக மருத்துவர் ஒருவரைப் பற்றி அவர்கள் சமூக வலைதளத்தில் எழுதும்போது உங்கள் பெயர் அதன் பக்கத்தில் இருந்தால், நீங்கள் ஒன்றரை வருடம் சேர்த்தது ஒரு மாலையில் போய்விடும். குறை தெரிந்தால் முதலில் அந்த மருத்துவரிடமே நேரில் பேசுங்கள். தீராவிட்டால் எழுத்தில் மேலதிகாரியிடம். அதற்கும் மேல் மாநிலக் கவுன்சில் இருக்கிறது. மருந்தக போட்டோவை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

11. சங்கம் பதிவு செய்யலாமா?

முதல் இரண்டு வருடம் வேண்டாம். பதவி யாருக்கு என்ற பேச்சு வந்ததும் வேலை நின்றுவிடும். பிறகு வேண்டுமென்றால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு உறுப்பினர், சங்க விதிகள், முகவரிச் சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

12. மாறுதல் ஆணை வந்தால்

கட்டாயம் வரும். உங்களோடு சேர்ந்தே இந்த வேலையும் ஊர் மாறிவிடக் கூடாது. விடுவிப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்பே பதிவேட்டை செராக்ஸ் எடுத்து ஒரு பிரதியை மருந்தகத்தில் வையுங்கள். அடுத்த இண்டெண்டில் இரண்டு மருந்தும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்புங்கள். புதிதாக வருபவர் முதல் முறை கொம்பு சுடும் நாளில், உதவியாளரை அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.